பத்து விநாடி

"தம்பி, இவருக்குத் தெரியுதா?"

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வாரம் மூன்று நாள் போகிறேன். ஒன்றரை வருடமாகிறது. போகிற நாளெல்லாம் ஒரு தடவையாவது அந்த அக்கா இதைக் கேட்டுவிடுவார். நான் அப்போது அவர் கணவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பேன். அண்ணனின் கண்கள் திறந்திருக்கும். பார்வை மின்விசிறிக்கும் சுவருக்கும் நடுவே எங்கேயோ நிற்கும்.

லோடு ஆட்டோ ஓட்டியவர். முப்பத்து நாலு வயதில், ஒரு ராத்திரி பைக்கில் ஹெல்மெட் போடாமல் வீடு திரும்பும்போது விழுந்துவிட்டார். மண்டைக்குள் ரத்தக்கட்டு, ஆபரேஷன், ஐந்து வாரம் ஐசியூ, அப்புறம் வீடு. கண்ணைத் திறந்தார். தூங்குகிறார், விழிக்கிறார், கொட்டாவி விடுகிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். அக்காவின் கேள்விக்கு இதுவரை மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டும் தப்பு. மூன்றாவது சரிதானா என்று யோசிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

*

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மூளையில் பலத்த அடி பட்டபின் தசைகள் விறைக்கத் தொடங்கும். முழங்கை மடங்கும். மணிக்கட்டு உள்பக்கம் திரும்பும். விரல்கள் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். அப்படியே விட்டால் நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகும். பாதம் கீழ்நோக்கி வளைந்து இறுகிவிட்டால், பின்னால் ஒரு நாள் அவர் எழுந்தாலும் குதிகால் தரையில் பதியாது. அதனால் தோளிலிருந்து கால் விரல் வரை ஒவ்வொரு மூட்டாக அசைத்துக் கொடுக்க வேண்டும். நெஞ்சுச் சளியை வெளியே கொண்டுவர வேண்டும். படுத்தே இருக்கும் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இதற்கு டில்ட் டேபிள் இருக்கிறது. ஆளைப் பட்டையால் கட்டி, மேசையோடு சேர்த்து மெல்ல நிமிர்த்துவோம். வீட்டில் தலையணையும் சுவரும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கிற வேலை அக்காவுடையது. ராத்திரிக்கு அலாரம் வைத்து எழுகிறார்.

இதெல்லாம் செய்தால் அவர் எழுந்துவிடுவாரா? சொல்ல முடியாது. மூட்டு இறுகாமல், புண் வராமல், நுரையீரலில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ள முடியும். உட்காரவைக்கும்போது பலருக்கு விழிப்பு கொஞ்சம் கூடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் யாராவது உறுதி கொடுத்தால் அவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நான் படித்து முடித்துப் பயிற்சியில் இருந்தபோது எங்களுக்கு ஒரு சீனியர் மேடம் இருந்தார். கோமாவில் இருப்பவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் போனால் முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "ஐயா, வலது கையத் தூக்கப் போறேன். கொஞ்சம் வலிக்கும். தூக்கட்டுமா?" என்பார். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். அப்புறம்தான் கையைத் தொடுவார். ஒவ்வொரு மூட்டுக்கும் இதே கதை. "மேடம் சுவத்துகிட்டகூட பர்மிஷன் கேப்பாங்கடா" என்று பின்னால் நின்று சிரிப்போம். எங்களுக்கு அது நல்ல மனசுள்ள ஒருவரின் பழக்கமாகத்தான் தெரிந்தது. மருத்துவத்தோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று நினைத்தேன்.

*

முதல் பதிலைச் சொன்னது நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்த இரண்டாவது மாதம். அக்கா ஓடிவந்து, "தம்பி, காலைல என் கையப் புடிச்சிக்கிட்டாரு. விடவே இல்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் என் விரலை அண்ணனின் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் காட்டினேன். என் விரலையும் பிடித்துக்கொண்டார். "இது ரிஃப்ளெக்ஸ்க்கா. பச்சப்புள்ள கைல விரல வச்சா புடிக்கும்ல, அந்த மாதிரி. அவருக்குத் தெரிஞ்சு செய்யல."

நான் சொன்னது பாடப் புத்தகப்படி சரி. அடுத்த இரண்டு வாரம் அக்கா அவரிடம் பேசவில்லை. அதுவரை காலையில் காபி போடும்போதே ஆரம்பித்துவிடுவார். வெயில், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், மாமியாரோடு சண்டை, எல்லாவற்றையும் சொல்வார். அது நின்றுபோனது. துடைத்தார், புரட்டினார், மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றினார், எல்லாம் வாயைத் திறக்காமல். நானும் சுலபமாக மாறிவிட்டேன். ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வீட்டு அட்வான்ஸ் விஷயமாக ஹவுஸ் ஓனரோடு பேசிக்கொண்டே அவர் தோளைச் சுற்றியிருக்கிறேன். அண்ணனின் தம்பி ஒரு நாள் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "எத்தன நாளைக்கு மதினி இப்படியே? இவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்" என்றார். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

அவர்களைத் தப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவருக்குத் தெரியாது என்று சொன்னவன் நான்தான்.

*

இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் பேர் வைத்தவர்கள் இரண்டு பேர். கிளாஸ்கோவைச் சேர்ந்த பிரையன் ஜென்னெட், நியூயார்க்கைச் சேர்ந்த ஃபிரெட் பிளம். 1972இல் எழுதிய கட்டுரையில் விழிப்பு உண்டு, தன்னுணர்வுக்கு அடையாளம் இல்லை என்ற நிலைக்கு 'வெஜிடேட்டிவ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மூச்சு, செரிமானம் மாதிரி தானாக நடக்கும் காரியங்கள் மட்டும் நடக்கின்றன என்பது பொருள். நம் பத்திரிகைகள் அதைத் 'தாவர நிலை' என்று எழுதின. அண்ணனின் அம்மா ஒரு தடவை என்னிடம், "எம்புள்ளைய மரம்னு எழுதிக் குடுத்துட்டாங்கப்பா" என்றார். டிஸ்சார்ஜ் சீட்டை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். இந்தச் சொல் பலரைக் காயப்படுத்தியதால்தான் 2010இல் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர், எதிர்வினையற்ற விழிப்பு நிலை என்று பொருள்படும் வேறு பேரை முன்வைத்தார்கள்.

எனக்கு அந்த அம்மாவிடம் சொல்ல வாய்க்காத ஒன்று உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கை வைத்து அடுக்குகிறது. புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். அந்த ஓர் அறிவு எது? தொடு உணர்ச்சி. பார்வை, கேள்வி, மனம் எல்லாம் பின்னால் வருகின்றன. முதலில் வருவது தொடுகை. மரம் என்றே வைத்துக்கொண்டாலும், நம் பழைய இலக்கணக்காரர் கணக்கில் தொட்டால் அறியும் உயிர் அது. இது மருத்துவ ஆதாரம் ஆகாது, தெரியும். ஆனால் தொடுவதே தொழிலாக உள்ள எனக்கு அந்த வரிசை ஒரு எச்சரிக்கை மாதிரி இருக்கிறது.

மருத்துவ ஆதாரம் தனியாக இருக்கிறது. 2002இல் ஜோசப் ஜியாசினோவும் மற்றவர்களும் இன்னொரு நிலையை வரையறுத்தார்கள். தன்னுணர்வு மிகக் கொஞ்சமாக, விட்டுவிட்டு, ஆனால் நிச்சயமாக இருக்கிற நிலை. காலையில் கண்ணால் பின்தொடர்ந்தவர் மத்தியானம் ஒன்றுக்கும் அசையமாட்டார். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இது சிக்காது. 2009இல் வந்த ஓர் ஆய்வு, மருத்துவக் குழு சேர்ந்து 'தாவர நிலை' என்று முடிவு செய்திருந்த 44 பேரை முறையான அளவுகோல் வைத்துத் திரும்பச் சோதித்தது. 18 பேருக்குத் தன்னுணர்வின் அடையாளம் இருந்தது. நூற்றுக்கு நாற்பத்தொன்று.

அதற்கும் முன்னால், 2006இல், ஏட்ரியன் ஓவன் குழுவின் சோதனை. கார் விபத்தில் அடிபட்ட 23 வயதுப் பெண். சொன்னதற்கு எந்த அசைவும் இல்லாதவர். ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பிறகு தன் வீட்டு அறைகளுக்குள் நடப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்களுக்கு மூளையில் எங்கெல்லாம் வேலை நடக்குமோ அங்கெல்லாம் அவருக்கும் நடந்தது. 2024இல் வெளியான பெரிய ஆய்வில், கட்டளைக்கு உடம்பால் எந்தப் பதிலும் தராத 241 பேரில் 60 பேர் மூளையால் பதில் தந்தார்கள். நாலில் ஒருவர்.

எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்தது கேட் பெயின்பிரிட்ஜ் என்ற இங்கிலாந்துப் பெண்ணின் கதை. 1997இல் மூளை அழற்சியால் இந்த நிலைக்குப் போனவர். கேம்பிரிட்ஜில் அவருக்குத் தெரிந்தவர்களின் முகங்களைப் படமாகக் காட்டி ஸ்கேன் எடுத்தபோது மூளை அவற்றுக்குப் பதில் தந்தது. பிறகு அவர் மெல்ல மீண்டு, நடந்ததை எழுதவும் செய்தார். தன் உடம்புக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று யாரும் சொல்லாததையும், வாய்க்குள் குழாயை விட்டுச் சளி உறிஞ்சியபோது இருந்த பயத்தையும் எழுதியிருக்கிறார். நான் அந்த வேலையை நூறு பேருக்காவது செய்திருப்பேன். எத்தனை பேரிடம் சொல்லிவிட்டுச் செய்தேன்?

*

இரண்டாவது தப்பு இதைப் படித்ததில் ஆரம்பித்தது.

முறையான சோதனையை ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டேன். சத்தம், பார்வை, அசைவு, வாய், தொடர்பு, விழிப்பு என்று ஆறு பகுதி. மொத்தம் 23 மதிப்பெண். அதில் ஒரு சின்னச் சோதனைக்குக் கைக்கண்ணாடி போதும். முகத்துக்கு முன்னால் பிடித்து இடமும் வலமும் மேலும் கீழும் மெதுவாக நகர்த்த வேண்டும். வேறு எதையும் பின்தொடராத கண்கள் சில சமயம் தன் முகத்தைப் பின்தொடரும். ஒரே நாளில் முடிவு சொல்லக் கூடாது. ஐந்து தடவையாவது, வெவ்வேறு நேரத்தில் செய்து பார்க்க வேண்டும்.

அக்காவின் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் தடவை, குளிப்பாட்டி உட்காரவைத்திருந்தபோது, கண்ணாடி வலப்பக்கம் போனது. கண்ணும் போனது. இடப்பக்கம் கொண்டுவந்தேன். கண் கூடவே வந்தது. எனக்குக் கை நடுங்கியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "தெரியுதுக்கா. அவருக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடியைப் பின்தொடர்ந்தார் என்பதுவரைதான் எனக்குத் தெரியும். அதைப் 'தெரியுது' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டேன். அந்தச் சொல் அக்காவிடம் இரண்டு வேலை செய்தது.

அன்று சாயங்காலம் போன் வந்தது. "தம்பி, அப்ப அன்னைக்கு அவரு தம்பி பேசுனது எல்லாம் கேட்டிருப்பாரா?" நான் பதில் சொல்லவில்லை. "நானும் 'ஆமா'ன்னு தலையாட்டினேன் தம்பி. அவரு என்னப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு." ரொம்ப நேரம் அழுதார்.

அடுத்த மாதம், ஒரு ஊசி போட்டால் மூளை திரும்ப வளரும் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, வளையலை அடகு வைத்தார். என்னிடம் சொல்லவில்லை. போட்டு முடித்தபின்தான் தெரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வட்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. "தெரியுதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்று அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

இருப்பதை இல்லை என்று சொல்வது ஒரு தப்பு. இருக்கிறதைவிட அதிகமாக இருப்பதாகச் சொல்வது இன்னொரு தப்பு. முதலாவதை அண்ணன் சுமந்தார். இரண்டாவதை அக்கா சுமக்கிறார். இரண்டிலும் எனக்கு விசிட்டுக்கு ஐநூறு ரூபாய் கிடைத்தது.

*

எனக்கு மேடம் திரும்ப ஞாபகம் வந்தது இதற்கெல்லாம் பிறகு. குறிப்பாக, அவர் கேட்டுவிட்டுச் சும்மா நிற்பாரே, அந்த நேரம்.

சோதனை விதிப்படி, "கையத் தூக்குங்க" என்று சொன்னால் பத்து விநாடி காத்திருக்க வேண்டும். அடிபட்ட மூளைக்குச் சொல் போய்ச் சேர்ந்து, அசைவாகத் திரும்பி வர நேரம் ஆகும். நான் அதுவரை எப்படிச் செய்வேன்? "கைய நீட்டுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே நானே நீட்டிவிடுவேன். ஒரு வேளை அவர் நீட்ட முயன்றிருந்தாலும், அந்த முயற்சி என் கைக்குள்ளேயே காணாமல் போயிருக்கும். பதில் இல்லை என்று சீட்டில் எழுதியிருப்பேன். பதில் வர இடமே விடாதவன் நான்.

அப்போதுதான் புரிந்தது. மேடம் கேட்டது வெறும் மரியாதை இல்லை. ஒருவரிடம் கேள்வி கேட்டுக் காத்திருந்தால்தான் அங்கே ஒரு பதில் சாத்தியமாகிறது. கேட்காத இடத்தில் பதில் இல்லாமல் இருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. முதலில் உணர்வு இருக்கிறதா என்று தெரியட்டும், அப்புறம் மனுஷனாக நடத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால் இந்த வேலையில் அது தலைகீழாகிவிடும். மனுஷனாக நடத்தினால்தான் தெரியவே வரும்.

நண்பன் ஒருவன் இதை மறுத்தான். அவனும் பிசியோதான். "சரி, உண்மையிலயே ஒண்ணுமே இல்லாத ஆளுகிட்ட நீ வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு நிக்கிற. அது நாடகம் இல்லையா? குடும்பத்துக்கு நீ பொய் நம்பிக்கை குடுக்கலையா?" என்றான். நியாயமான கேள்விதான். ஒரு செஷனில் முப்பது தடவை கேட்கிறேன் என்று வையுங்கள். பத்து விநாடி வீதம் ஐந்து நிமிஷம். அங்கே யாரும் இல்லை என்றால் என் ஐந்து நிமிஷம் வீண். யாரோ இருந்து நான் கேட்கவில்லை என்றால்? இந்த இரண்டு நஷ்டமும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. பொய் நம்பிக்கை என்பதைப் பொறுத்தவரை, பொய் வருவது நாம் சொல்கிற வாக்கியத்தில்தான், காத்திருப்பதில் இல்லை. கேட்கிறவன் "தெரியும்" என்றும் சொல்லவில்லை, "தெரியாது" என்றும் சொல்லவில்லை.

ஆனால் இந்த வாதத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் முக்கியம். நான் கொடுப்பது ஐந்து நிமிஷம். அக்கா கொடுப்பது ராத்திரித் தூக்கம், இடுப்பு, நகை, முப்பது வயது. என் பத்து விநாடியை வைத்து அவரிடம் பத்து வருஷம் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை.

அருணா ஷான்பாக்கை நினைத்துக்கொள்கிறேன். 1973 நவம்பரில் தாக்கப்பட்ட மும்பை கெம் மருத்துவமனையின் நர்ஸ். 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும்வரை அதே மருத்துவமனையின் நர்ஸ்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். நாற்பத்திரண்டு வருடம் படுக்கையில் இருந்தவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை என்பதை என் தொழிலில் உள்ளவர்கள் கும்பிட்டுத்தான் சொல்வோம். அவரைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்ட மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அந்த நர்ஸ்கள் அவர் வாழ வேண்டும் என்று விரும்பியதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதே தீர்ப்புதான், சில நிபந்தனைகளோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த வழியும் திறந்தது. 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கண்ணியத்தோடு சாவதும் உரிமைதான் என்றது.

அங்கே ஒரு மருத்துவமனையே முறை வைத்துப் பார்த்துக்கொண்டது. இங்கே அலாரம் வைத்து எழுவதற்கு ஒரே ஒரு ஆள். அந்தக் குடும்பம் ஒரு நாள் "போதும்" என்று சொன்னால், அது அன்பில்லாமல் சொன்னது என்று நான் நினைக்கமாட்டேன். கேட்டுக் காத்திருப்பது, உயிரை எப்படியாவது நீட்டிக்க வேண்டும் என்பதற்கான வாதம் இல்லை. வைத்துக்கொள்வதாக இருந்தாலும் விட்டுவிடுவதாக இருந்தாலும் அது ஒரு ஆளுக்குச் செய்வது என்பதை மறக்காமல் இருப்பதற்கான வழி. அவ்வளவுதான்.

*

இப்போது அக்கா கேட்டால் நான் சொல்கிற பதில் இது: "முழுசாத் தெரியலக்கா. சில நேரம் கொஞ்சம் இருக்கிற மாதிரி இருக்கு. எந்த நேரம்னு நமக்குத் தெரியாது. அதனால எல்லா நேரமும் சொல்லிட்டே செய்வோம்."

இந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. ஆனால் இதற்குப் பிறகு அந்த வீட்டில் சிலது மாறியது. தம்பி பணப் பேச்சு பேச வேண்டுமென்றால் எல்லாரையும் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எனக்கு அது நல்ல மாற்றமாகப் பட்டது. அக்காவுக்குத்தான் படவில்லை. "அவரு விஷயத்த அவருக்குத் தெரியாமப் பேசற மாதிரி இருக்கு தம்பி. அதுவும் தப்புதான?" என்றார்.

வாசலில் லோடு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக. டயர் இறங்கி, தார்ப்பாய்க்கு மேல் வேப்பிலை கொட்டி. இரண்டு தவணை பாக்கி. போன மாதம் ஒரு நாள், நான் அவரை உட்காரவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க. வண்டிய வித்துரலாம்னு இருக்கேன். வட்டி கட்ட முடியல. வித்துரட்டுமா?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். அவரும் எண்ணினார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆறாவது, ஏழாவது விநாடியில் அண்ணன் கண்ணைச் சிமிட்டினார். அதற்கு முன்னாலும் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தார். பத்து முடிந்தது. அக்கா இன்னொரு பத்து காத்திருந்தார்.

"சரி" என்று எழுந்தார். அவரைக் கேட்டுச் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா, தெரியவில்லை.

மறுவாரம் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்குக் காலையில் அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறார், எத்தனை ரூபாய்க்குப் போகிறது என்று.